பாயிண்டும் மின்னணுவும்: ஒரு பழைய லாரி கற்பித்த பாடம்

(காரமடையில் நமது கல்விக் கழகத்தின் தொழிற்பயிற்சி வகுப்பு நிறைவு நாளில், பயிற்சிக் குழுவின் சார்பில் ஆற்றப்பெற்ற உரை)



வெள்ளி விழா ஆண்டில் பேச வருவோர் கழகத்தின் வளர்ச்சியைப் பற்றிப் பேசுவதே மரபு. எத்தனை பிள்ளைகள் படித்தார்கள், எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்பதையெல்லாம் செயலாளர் அவர்களின் அறிக்கை விரிவாகக் கூறிவிட்டது. நாங்கள் பேச வந்தது அத்துணைப் பெரிய பொருள் அன்று. நமது பயிற்சிக் கொட்டகையில் நிற்கின்ற பழைய ஃபார்கோ லாரியைப் பற்றியும், உள்ளங்கையில் அடங்கும் அதன் உறுப்பு ஒன்றை மாற்றப் போய் நாம் பட்ட பாட்டைப் பற்றியும் பேச வந்திருக்கிறோம். அந்த உறுப்பை வாங்கிய பணம் உங்கள் சந்தாப் பணம். ஆகவே, நிகழ்ந்ததை ஒளிக்காமல் உங்கள் முன் வைப்பது எங்கள் கடமை.

முதலில் அந்த வண்டியின் வரலாறு. இன்று மேட்டுப்பாளையம் சாலையில் ஓடும் பார லாரிகள் அனேகமாக எல்லாம் டீசல் வண்டிகள். டீசல் என்ஜினில் அழுத்தப்பட்ட காற்றின் சூட்டாலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். அதற்குத் தீப்பொறி தேவையில்லை. ஆனால் ஜாம்ஷெட்பூரில் 1954-இல் டாடா நிறுவனம் டீசல் லாரி செய்யத் தொடங்குவதற்கு முன்னர், நம் நாட்டுச் சாலைகளில் பெட்ரோல் லாரிகளே மிகுதி. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இராணுவம் கழித்து விற்ற வண்டிகள் பல கைக்கு வந்தன. 1944-இல் தொடங்கப்பெற்ற பம்பாய் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம், அமெரிக்கக் கிரைஸ்லர் நிறுவனத்தின் கூட்டுறவோடு டாட்ஜ், ஃபார்கோ லாரிகளை அளித்தது. பின்னாளில் அவற்றுள் பலவற்றின் பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டுப் பெர்க்கின்ஸ் டீசல் என்ஜினைப் பூட்டினார்கள். நம் வண்டி அவ்வாறு மாற்றப்படாமல் தப்பியது. இன்று அது சாலைக்குச் செல்வதில்லை. ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் எவ்வாறு இயங்குகிறது என்பதை நம் பிள்ளைகள் கண்ணால் கண்டு, கையால் தொட்டுக் கற்பதற்காகவே அதை வைத்திருக்கிறோம். டீசல் லாரிக்குத் தேவையில்லாத இந்தப் பாடம், பெட்ரோல் ஜீப்புக்கும், பழைய காருக்கும், புல்லட் மோட்டார் சைக்கிளுக்கும் பயன்படும்.

அந்த என்ஜினில் தீப்பொறி பிறக்கும் வகையைச் சுருங்கச் சொல்லுகிறோம். பாட்டரியில் இருப்பது 12 வோல்ட். பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய வேண்டுமானால் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்வது காயில். அதனுள் இரண்டு கம்பிச் சுருள்கள் உள்ளன. முதற்சுருளில் மின்சாரம் ஓடும்போது காந்தப்புலம் எழுகிறது. அந்த ஓட்டத்தைத் திடீரென்று அறுத்தால், காந்தப்புலம் சரிந்து, பல ஆயிரம் சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுருளில் உயரழுத்த மின்சாரம் தோன்றுகிறது.

இந்த உண்மையை 1831-இல் கண்டறிந்தவர் மைக்கேல் ஃபாரடே. அவர் ஒரு கொல்லரின் மகன். இலண்டனில் புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர். கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியல் கற்றார். 1812-இல் ஹம்ப்ரி டேவி என்னும் அறிஞரின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அக்குறிப்புகளை அவருக்கே அனுப்பினார். மறு ஆண்டு அவரிடம் உதவியாளராக அமர்ந்தார். டேவியோடு ஐரோப்பியப் பயணம் சென்றபோது ஏவலாளைப் போல நடத்தப்பட்ட துன்பமும் அவருக்கு உண்டு. இன்று உலகில் எந்தக் காயிலைத் திறந்தாலும் உள்ளே அந்தக் கொல்லர் மகனின் அறிவு இருக்கிறது.

மின்னோட்டத்தை உரிய நேரத்தில் அறுப்பது யார்? அதற்காகவே டிஸ்டிரிபியூட்டருக்குள் பாயிண்ட் இருக்கிறது. நடுவே ஆறு முகம் கொண்ட கேம் சுழல, அது பாயிண்டின் நார்க் கட்டையைத் தள்ளித் தள்ளி வாயைத் திறக்கிறது. ஒவ்வொரு முறை வாய் திறக்கும்போதும் ஒரு பொறி. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் வகுத்த இந்த முறை 1912-ஆம் ஆண்டு மாதிரிக் காடிலாக் காரில் இடம்பெற்றது. பின்னர் அறுபது ஆண்டுக்காலம் உலகெங்கும் பெட்ரோல் வண்டிகள் இம்முறையிலேயே ஓடின.

இதன் உழைப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஆறு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றினால், பாயிண்ட் 7,200 முறை திறந்து மூட வேண்டும். அதாவது விநாடிக்கு 120 முறை. ஒரு மணி நேரத்தில் 4,32,000 முறை. திறக்கும்போது வாயில் பொறி பறந்து உலோகம் தீய்ந்து போகாமல் காக்கவே அருகில் கண்டன்சர் வைத்திருக்கிறார்கள். எனினும் சிறிது சிறிதாக வாய் தீய்ந்து குழியும் மேடும் உண்டாகின்றன. நார்க் கட்டையும் தேய்கிறது. கட்டை தேயத் தேய இடைவெளி குறைகிறது. இடைவெளி குறையப் பொறி பிந்துகிறது. பொறி பிந்தினால் மேட்டில் இழுவை குறையும், என்ஜின் சூடேறும், பெட்ரோல் வீணாகும். குன்னூர் மலைச்சாலையில் பாரத்தோடு ஏறிய அக்காலத்துப் பெட்ரோல் லாரிக்கு இது சிறிய குறையன்று.

ஆகையால் பாயிண்ட் பார்ப்பது ஒரு தனிக் கைவேலையாக விளங்கியது. பீலர் கேஜை நுழைத்து, ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் 15 முதல் 20 பங்கு வரும்படி, வண்டிக்குத் தக்கவாறு இடைவெளி வைப்பார்கள். கேஜ் இல்லாதவர்கள் கனமான அட்டைத் துண்டைச் செருகிப் பார்ப்பார்கள். நடு வழியில் வண்டி நின்றால் வாயை அரத்தால் தேய்த்து ஊர் வந்து சேர்வார்கள். நம் மக்களுள் இந்த வேலையில் தேர்ந்தவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் இந்த அவையில் அமர்ந்திருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் மூத்தவர் என்றே குறிப்பிடுகிறோம்.

இனி மின்னணு முறை. 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் உருவாயிற்று. அசையும் உறுப்பு ஏதுமின்றி மின்னோட்டத்தை விடவும் அறுக்கவும் அதனால் இயலும். ஆகவே பாயிண்டின் வேலையை அதனிடம் ஒப்படைக்கலாம் என்று பொறியாளர்கள் கருதினார்கள். 1973-ஆம் ஆண்டு மாதிரி முதல், நம் ஃபார்கோவுக்கு மூலமான அதே கிரைஸ்லர் நிறுவனம், அமெரிக்காவில் தன் கார்கள் எல்லாவற்றிலும் மின்னணு முறையை அமைத்தது. பழைய வண்டிகளுக்கென்று தனித் தொகுதிகளும் வந்தன. அத்தொகுதியில் கேமின் மேல் பொருந்தும் காந்த வளையம் ஒன்று, பாயிண்ட் இருந்த இடத்தில் அமரும் உணரி ஒன்று. காந்தம் உணரியைக் கடக்குந்தோறும் டிரான்சிஸ்டர் மின்னோட்டத்தை அறுக்கிறது. ஒன்றையொன்று தொடுவதில்லை, ஆகவே தேய்வதில்லை. காந்தத்தின் அருகாமை மின்னோட்டத்தைப் பாதிக்கும் என்பதை எட்வின் ஹால் 1879-இலேயே கண்டிருந்தார். அந்த அறிவு இவ்வாறு பயன்பட்டது.

இத்தொகுதியை நம் லாரியில் பொருத்துவது என்று பயிற்சிக் குழு முடிவு செய்தது. தினக்கூலிக்குச் செல்லும் உறுப்பினர்கள் தந்த பணத்தில் ஒரு தொகுதி வாங்கினோம். இளைஞர்கள் கையேட்டைப் படித்தார்கள். சிவப்புக் கம்பி காயிலின் கூட்டல் முனைக்கு, கறுப்புக் கம்பி கழித்தல் முனைக்கு என்று அதில் எழுதியிருந்தது. அவ்வாறே இணைத்தார்கள். மூத்தவர் கொட்டகையின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சுவிட்சைத் திருப்பினோம். என்ஜின் சுற்றியது, பொறி வரவில்லை. எத்தனை முறை முயன்றும் வரவில்லை. புதிய தொகுதி கெட்டுவிட்டது.

காரணம் பின்னரே விளங்கிற்று. அக்காலத்துக் கிரைஸ்லர் லாரிகள் 6 வோல்ட் பாட்டரியோடும் பாசிட்டிவ் எர்த்தோடும் வந்தவை. அதாவது, பாட்டரியின் கூட்டல் முனையே வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய வண்டிகளில் கழித்தல் முனை உடலோடு இணைந்திருக்கும். நம் லாரியை முன்பு வைத்திருந்தவர் 12 வோல்ட் பாட்டரிக்கு மாற்றியிருந்தார். எர்த்தை மட்டும் பழையபடியே விட்டிருந்தார். பாயிண்டுக்கு எது கூட்டல், எது கழித்தல் என்ற கவலை இல்லை. டிரான்சிஸ்டர் தலைகீழ் மின்சாரத்தை ஒரு கணமும் பொறுக்காது. இருக்கைக்கு அடியில் இருந்த பாட்டரியை ஒருவரும் பார்க்கவில்லை. மீட்டர் பையிலேயே இருந்தது.

அன்று மாலை நடந்த கூட்டத்தில் சினமான பேச்சுகள் எழுந்தன. இளைஞர்களிடம் பணத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றார் ஒருவர். பழையது பழையதாகவே இருக்கட்டும், நமக்கு இந்த மின்னணு வேலை எதற்கு என்றார் மற்றொருவர். அப்பொழுதுதான் மூத்தவர் மெல்லச் சொன்னார்: "அந்த வண்டிக்குப் பாசிட்டிவ்தான் எர்த்துங்க தம்பி."

முன்பே தெரியுமா என்று கேட்டோம். வண்டி வந்த அன்றே தெரியும் என்றார். கண் எதிரில் தவறாக இணைத்தபோது ஏன் தடுக்கவில்லை என்று கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கேக்காம வாயத் தொறக்கக் கூடாதுன்னு பழகிப் போச்சுங்க" என்றார்.

அன்பர்களே, அந்த விடையைக் கேட்ட பின் கூட்டத்தில் எவரும் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. அவர் சிறுவனாக ஒரு பட்டறையில் உதவியாளாகச் சேர்ந்தவர். பல ஆண்டுகள் உறுப்புகளைக் கழுவித் துடைக்கும் வேலை மட்டுமே அவருக்குத் தரப்பட்டது. அவருக்குத் தனிக் குவளை. குற்றம் எதுவென்று தெரிந்து சொன்ன ஒரு நாளில், உன்னை யார் கேட்டது என்று அடி வாங்கியவர். தூரத்தில் நின்று பிறர் கைகளைப் பார்த்தே தொழிலைக் கற்றார். தெரிந்தும் தெரியாதவர் போல இருக்கவும் கற்றார். இரண்டாவது கற்ற பாடம், நம் சொந்தக் கொட்டகைக்குள்ளும் அவரோடு வந்துவிட்டது.

இந்த மௌனம் நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் இளமையில் இதே கோயம்புத்தூரில் கல்லூரியில் படித்தவர். தம் சாதி தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, உடன் பயின்றோரோடு கலந்து பழகாமல் ஒதுங்கியிருந்ததை 1939-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தில் அவரே எழுதியுள்ளார். அவ்வாறு ஒதுங்கி நின்றவர்தாம், 1924-இல் சென்னைச் சட்டசபையில், பொதுச் சாலைகளும் கிணறுகளும் எல்லார்க்கும் உரியவை என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். வாய் திறக்க அஞ்சிய மாணவர், சாலையைத் திறந்துவிட வாய் திறந்தார். நாம் இன்று லாரியைப் பற்றிப் பேசுகிறோம் என்றால், அந்த லாரி ஓடும் சாலையில் நம் முன்னோர் நடப்பதற்கே ஒரு தீர்மானம் வேண்டியிருந்தது என்பதை மறக்கலாகாது.

குற்றம் மூத்தவருடையதன்று, இளைஞர்களுடையது மட்டுமும் அன்று. படித்தவர்கள் கேட்கவில்லை, பழகியவர் சொல்லவில்லை. கையேடு ஒருபுறமும் கையறிவு மறுபுறமுமாகப் பிரிந்து நின்றன. அந்தப் பிரிவில்தான் நம் பணம் கரிந்து போயிற்று.

இரண்டாவது தொகுதிக்கு உறுப்பினர்கள் மறுபடியும் பணம் தந்தார்கள். இம்முறை மூத்தவரை வண்டியின் முன்னால் நாற்காலி போட்டு அமர்த்தினோம். ஒவ்வொரு வேலைக்கும் முன்னால், "ஐயா, இதில் சொல்ல வேண்டியது உண்டா?" என்று இளைஞர் கேட்க வேண்டும், அவர் விடை சொல்லிய பின்னரே ஸ்பேனரைத் தொட வேண்டும். இதுவே விதி. அன்று செய்த வேலைகளை வரிசையாகக் கூறுகிறோம், இளைஞர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவதாக, மீட்டரைக் கொண்டு பாட்டரியின் எந்த முனை உடலோடு இணைந்திருக்கிறது என்று பார்த்தோம். பின்னர் வண்டியை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றினோம். அதற்குப் பாட்டரிக் கேபிள்களை மாற்ற வேண்டும். அம்மீட்டரின் கம்பிகளை இடம் மாற்ற வேண்டும். காயிலின் கம்பிகளையும் மாற்ற வேண்டும். டைனமோவின் காந்த முனையை, பாட்டரியிலிருந்து ஒரு கம்பியால் ஒரு கணம் தொட்டு எடுத்துத் திருப்ப வேண்டும். தொடும் இடம் வண்டிக்கு வண்டி வேறுபடும் என்பதால், அதை அறிந்தவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

இரண்டாவதாக, டிஸ்டிரிபியூட்டரின் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தோம். புஷ் தேய்ந்து தண்டு ஆடினால், எந்த மின்னணுவும் பொறியை நேரத்தில் தராது. வேகத்துக்கேற்பப் பொறியை முந்தச் செய்யும் உள் எடைகள் தடையின்றி விரிகின்றனவா என்றும் பார்த்தோம். மின்னணுத் தொகுதி பாயிண்டுக்கு மட்டுமே மாற்று. மற்றக் குறைகளுக்கு அது மருந்தன்று. மூடி, ரோட்டர், பிளக் கம்பிகள் யாவும் நல்ல நிலையில் இருக்க வேண்டும்.

மூன்றாவதாக, பாயிண்டையும் கண்டன்சரையும் கழற்றி, உணரியைப் பொருத்தி, அதன் அடித்தட்டு உடலோடு நன்றாக எர்த் ஆகிறதா என்று சோதித்தோம். காயிலுக்கு முன்னால் தடைக்கம்பி இருக்கும் வண்டிகளில், தொகுதிக்கு வரும் சிவப்புக் கம்பியை அத்தடைக்கு முன்னாலேயே இணைக்க வேண்டும். இல்லையேல் அதற்கு முழு 12 வோல்ட் கிடைக்காது. காயிலின் முதற்சுருள் தடை, கையேட்டில் கூறிய அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பிளக் கம்பிகள் வெறும் செம்புக் கம்பிகளாக இல்லாமல், மின் இரைச்சலை அடக்கும் தடைக் கம்பிகளாக இருக்க வேண்டும்.

நான்காவதாகச் சுவிட்சைத் திருப்பினோம். என்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. டைமிங் வைக்கும் நேரம் வந்தது. இளைஞர்கள் டைமிங் விளக்கை எடுத்தார்கள். அதற்கு முன் மூத்தவரைக் காதால் கேட்டு வைக்கச் சொன்னோம். அவர் டிஸ்டிரிபியூட்டரை மெல்லத் திருப்பி, ஓரிடத்தில் நிறுத்தி, போதும் என்றார். பிறகு விளக்கைப் பிடித்துப் பார்த்தார்கள். குறியிலிருந்து இரண்டு டிகிரிதான் வேறுபாடு. விளக்கின்படி அந்த இரண்டு டிகிரியையும் சரிசெய்தவர் அவரே.

அதன் பிறகு நம் வண்டியில் பாயிண்டைத் தேய்க்கும் வேலை இல்லை. காலையில் முதல் சுற்றிலேயே பிடிக்கிறது; மெதுவான ஓட்டம் சீராக இருக்கிறது. எத்தனை லிட்டர் பெட்ரோல் மிச்சம் என்று நாங்கள் அளக்கவில்லை. அளக்காததைச் சொல்ல மாட்டோம்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. என்ஜின் ஓடாதபோது சுவிட்சைத் திறந்து வைக்கக் கூடாது. காயிலும் தொகுதியும் சூடேறிக் கெடும். 24 வோல்ட் லாரியிலிருந்து கம்பி போட்டு ஸ்டார்ட் செய்யக் கூடாது. உடலில் வெல்டிங் வைக்கும்போது பாட்டரியைக் கழற்றிவிட வேண்டும். பாயிண்ட் கெடும்போது பல நாள் முன்னதாகவே அறிகுறி காட்டும்; மின்னணு பெரும்பாலும் சொல்லாமல் நின்றுவிடும், அரத்தால் தேய்த்து அதை எழுப்ப முடியாது. ஆகவே, கழற்றிய பாயிண்டையும் கண்டன்சரையும் ஒரு தகரப் பெட்டியில் வைத்து, வண்டியிலேயே வைத்திருக்கிறோம்.

இளைஞர்களுக்கு ஒரு சொல். 1942-இல் அண்ணல் அம்பேத்கர் அவர்கள் இந்திய அரசுக்கு அளித்த கோரிக்கை மனுவில், நம் மக்களுக்குக் கலையும் சட்டமும் மட்டும் போதா, அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்கல்வி வேண்டும், அதற்கு அரசு உதவ வேண்டும் என்று வலியுறுத்தினார். கைவேலை நமக்கு எப்போதும் மறுக்கப்பட்டதில்லை; அதுவே நம் தலையில் சுமத்தப்பட்டது. மறுக்கப்பட்டது, அந்த வேலைக்குள் இருக்கும் காரணத்தை அறியும் உரிமை. கண்ணுக்குத் தெரியும் பாயிண்டைப் பார்த்துக் கற்கலாம். கறுப்புப் பெட்டிக்குள் அடைபட்ட டிரான்சிஸ்டரைப் படித்துத்தான் கற்க முடியும். தொழில் ஒவ்வொன்றும் இவ்வாறு கண்ணிலிருந்து மறைந்து ஏட்டுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. ஏட்டை விட்டவன் பட்டறையில் மீண்டும் கழுவித் துடைக்கும் வேலைக்கே போவான்.

ஆனால் ஏடு படித்தவன் பெரியவரைக் கேளாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு, கொட்டகைச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் அந்தக் கரிந்த தொகுதி சான்று. அதை நாங்கள் எறியவில்லை. அதன் கீழே எவர் பெயரையும் எழுதவும் இல்லை.

மூத்தோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் வகுப்பில், நம் கூட்டத்தில், நம் பிள்ளைகளிடத்தில் நீங்கள் கேட்கப்படும் வரை காத்திருக்க வேண்டாம். தவறு கண்டால் உரக்கச் சொல்லுங்கள். இங்கே உங்களை யாரும் 'உன்னை யார் கேட்டது' என்று சொல்ல மாட்டார்கள்.

அடுத்த வகுப்பு தொடங்கும்போது பாயிண்ட் வைக்கும் பாடத்தை மூத்தவரே நடத்துவார். தேவையற்றுப் போன வேலையை ஏன் கற்பிக்க வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. பொறி எப்போது பிறக்க வேண்டும் என்பதை அறிந்தவனுக்கே அதை எந்தக் கருவி பிறப்பித்தாலும் விளங்கும் என்பது எங்கள் விடை. அவர் பாடம் நடத்துவதற்கு இசைந்ததையே இவ்வாண்டு எங்கள் குழு பெற்ற பெரும் பேறாகக் கருதுகிறோம்.